பெக்கோவின் கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளாதபோது: மல்டிமீட்டரால் கேன் பழுதைத் தேடும் முறை

தென்மேல் பருவ மழையில் ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கமும், வடகீழ்ப் பருவ மழையில் பதுளைப் பக்கமும் வீதியில் மண் சரிந்தால், முதலில் தேடப்படுவது பெக்கோ எனப்படும் எக்ஸ்கவேட்டர்தான். அப்படி அவசரமாக இறக்கப்பட்ட இயந்திரம், எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரையில் எண்களுக்குப் பதிலாகக் கோடுகளைக் காட்டி, வேகத்தைக் கூட்ட மறுத்து நின்றுவிடுவதுண்டு. ஒப்பரேட்டர் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "காலையில ஸ்டார்ட் பண்ணினா கோடு கோடா வருதுங்க, வெயில் ஏறினா தானா சரியாகிடுது." இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதித் துப்பு இருக்கிறது. இயந்திரத்தின் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலர் கெட்டிருந்தால் அது வெயிலையும் மழையையும் பார்த்து வேலை செய்வது அரிது. ஈரம் ஏறிய கனெக்டரும் உள்ளே அறுந்த வயரும்தான் அப்படி நடந்துகொள்ளும். ஆகவே கொழும்பிலிருந்து விலையுயர்ந்த கன்ட்ரோலரை வரவழைப்பதற்கு முன், ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு பழுதை எப்படி வரிசையாகத் தேடுவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

எதைத் தேடுகிறோம்

இன்றைய எக்ஸ்கவேட்டர்களில் எஞ்சினுக்கு ஒரு கன்ட்ரோலர், ஹைட்ரோலிக் பம்புக்கு ஒன்று, ஒப்பரேட்டரின் முன்னால் உள்ள மொனிட்டர், பல இயந்திரங்களில் இருப்பிடத்தை அறிவிக்கும் ஜி.பி.எஸ். பெட்டி எனப் பல கருவிகள் உள்ளன. இவை அனைத்தும் முறுக்கிய இரண்டே வயர்களின் வழியாகத் தகவல் பரிமாறுகின்றன. பொஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட இம்முறைக்குக் கேன் (CAN) என்று பெயர். கனரக இயந்திரங்களில் இதன்மேல் ஜே1939 என்ற தரநிலை பரவலாகப் பயன்படுகிறது; அதன் வேகம் பொதுவாக விநாடிக்கு 250 கிலோபிட், புதிய இயந்திரங்கள் சிலவற்றில் 500 கிலோபிட்.

இரண்டு வயர்களில் ஒன்று கேன்-ஹை, மற்றது கேன்-லோ. ஜே1939 முறையில் ஹை மஞ்சள் நிறமும் லோ பச்சை நிறமும் கொண்டிருப்பது வழக்கம். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய இயந்திரங்களில் நிறம் வேறாக இருக்கலாம் என்பதால் வயரிங் வரைபடத்தைப் பார்க்காமல் நிறத்தை நம்ப வேண்டாம். பிரதான வயர்ச் சோடியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று பொருத்தப்பட்டிருக்கும். மலையில் கூப்பிட்ட குரல் எதிரொலித்துத் திரும்புவதுபோல, வயரின் முனையில் மோதிய மின் அலை திரும்பி வந்து அடுத்த செய்தியைக் குழப்பாதிருக்க, அதை அங்கேயே உறிஞ்சிக்கொள்வது இந்தத் தடைகளின் வேலை.

முதலாம் படி: நிறுத்துதலும் கேட்டலும்

இயந்திரத்தைச் சரிவின் விளிம்பிலிருந்து விலக்கிச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டை நிலத்தில் ஊன்றி, எஞ்சினை அணையுங்கள். மழையில் ஊறிய மண்மேட்டின் கீழே, அவசரம் என்று யார் சொன்னாலும், பழுது பார்க்க உட்கார வேண்டாம்.

பிறகு ஒப்பரேட்டரிடம் கேளுங்கள். பழுது எப்போது வருகிறது? அண்மையில் பக்கெட்டில் வெல்டிங் செய்தார்களா? உயரழுத்த நீரால் கழுவினார்களா? புதிதாக ஜி.பி.எஸ். பூட்டினார்களா? பெட்டரி மாற்றினார்களா? பெட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் செய்திருந்தால் கன்ட்ரோலரே சேதமடைந்திருக்க உண்மையான வாய்ப்புண்டு. மற்ற மூன்றும் வயரையும் கனெக்டரையுமே சுட்டுகின்றன.

இரண்டாம் படி: பழுதுக் குறியீடுகளை ஒப்பிடுதல்

திரையில் உள்ள குறியீடுகள் அனைத்தையும் எழுதிக்கொண்டு, அவற்றை அழித்துவிட்டு, சாவியை மீண்டும் போட்டு, உடனே திரும்பி வருபவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். ஜே1939 குறியீட்டில் எஸ்.பி.என். எண் எந்தப் பகுதி என்பதையும், எப்.எம்.ஐ. எண் என்ன விதமான பழுது என்பதையும் சொல்கிறது. எஸ்.பி.என். 639 கேன் வலையமைப்பையே குறிக்கிறது, எப்.எம்.ஐ. 9 என்றால் எதிர்பார்த்த செய்தி உரிய இடைவெளியில் வந்து சேரவில்லை என்று பொருள்.

இங்கே கவனிக்க வேண்டியது குறியீட்டின் எண்ணை விட, யார் யாரைக் குறைசொல்கிறார் என்பதுதான். மொனிட்டரும் பம்ப் கன்ட்ரோலரும் சேர்ந்து எஞ்சின் கன்ட்ரோலர் பேசவில்லை என்று சொன்னால், பிரதான வயர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. எஞ்சின் கன்ட்ரோலரின் மின்வழங்கலையோ அதற்குச் செல்லும் கிளை வயரையோ பார்க்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் குறைசொன்னால் பழுது பிரதான வயரில் இருக்கிறது, அல்லது ஏதோ ஒரு கருவி முழு வயரையும் முடக்கிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் படி: மின்வழங்கல்

மின்சாரம் கிடைக்காத கன்ட்ரோலரும் பேசாது. எனவே கேன் வயரைத் தொடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். இரண்டு 12 வோல்ட்டு பெட்டரிகளும் சேர்ந்து, ஓய்வில், ஏறத்தாழ 25 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். பியூஸ்களைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டரால் சோதியுங்கள்.

ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரும் மல்டிமீட்டரில் 24 வோல்ட்டைக் காட்டும், ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஆகவே கன்ட்ரோலரின் கனெக்டரைக் கழற்றி, மின்வழங்கல் பின்னுக்கும் (பின் என்பது கனெக்டருக்குள் உள்ள உலோக ஊசி) எர்த் பின்னுக்கும் இடையே 24 வோல்ட்டு 21 வாட் பல்பு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். பிரகாசமாக எரிந்தால் வயர் நல்லது. மங்கினால் மீட்டர் என்ன சொன்னாலும் அந்த வயரிலோ எர்த்திலோ பழுது. இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் எர்த் வயர் பூட்டிய போல்ட்டின் அடியில் துரு ஏறியிருப்பது மலையக ஈரத்தில் வழமையான காட்சி.

நான்காம் படி: அறுபது ஓம் சோதனை

சாவியை எடுத்து, பெட்டரி ஐசொலேட்டரையும் (பெட்டரியைத் துண்டிக்கும் பிரதான சுவிட்சையும்) அணைத்து, ஐந்து நிமிடமாவது காத்திருங்கள். சாவியை எடுத்த பின்னும் சிறிது நேரம் விழித்திருக்கும் கன்ட்ரோலர்கள் உண்டு. பிறகு கேபினில் உள்ள சோதனைக் கனெக்டரில் கேன்-ஹைக்கும் கேன்-லோவுக்கும் இடையே தடையை அளவுங்கள். வட்டமான ஒன்பது பின் கனெக்டராக இருந்தால் அவை பொதுவாக சி, டி என்று குறிக்கப்பட்ட பின்கள்.

இரண்டு 120 ஓம் தடைகள் சமாந்தரமாக இருப்பதால் சுமார் 60 ஓம் வர வேண்டும். பூச்சியத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயர்களும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன. 40 ஓம் வந்தால் மூன்றாவது தடை ஒன்று சேர்ந்திருக்கிறது. உள்ளே 120 ஓம் தடை கொண்ட ஜி.பி.எஸ். பெட்டியை யாரோ நடுவில் இணைத்திருந்தால் இப்படித்தான் காட்டும். அத்தகைய பெட்டிகளை நீளமான வயரில் தொங்கவிடுவதும் தவறு, ஏனெனில் ஜே1939இன் வழமையான முறையில் கிளை வயர் 1 மீட்டருக்கு மேற்படக் கூடாது.

120 ஓம் வந்தால் ஒரு முனை தொடர்பறுந்துவிட்டது. எந்த முனை என்பதை ஹார்னஸை (வயர்க் கட்டை) பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். கைக்கு எட்டும் முனைத் தடையை மட்டும் கழற்றுங்கள்; சில இயந்திரங்களில் அது தனியான சிறிய கனெக்டராகவும், சிலவற்றில் கன்ட்ரோலருக்கு உள்ளேயும் இருக்கும். உள்ளே இருந்தால் கன்ட்ரோலரின் கனெக்டரையே கழற்ற வேண்டும். கழற்றியதும் மீட்டர் 120இலிருந்து முடிவிலிக்குப் போனால், இதுவரை மீட்டரில் தெரிந்தது இந்தத் தடைதான். ஆகவே பழுது மறுமுனையில். கழற்றியும் 120 அப்படியே நின்றால், இந்த முனை ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருக்கிறது. இதற்குப் பின் இடைக் கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து அளந்துகொண்டே போனால், அறுந்த இடம் இரண்டு கனெக்டர்களுக்கு நடுவே அகப்பட்டுவிடும்.

60 ஓம் வந்துவிட்டது என்பதற்காக எழுந்துவிடாதீர்கள். இரண்டில் ஒரு வயர் இயந்திரத்தின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இந்த அளவீடு 60 ஓம்தான் காட்டும். ஆகவே ஒவ்வொரு வயருக்கும் சட்டத்துக்கும் இடையே தனித்தனியாக அளந்து, தடை தாழ்வாக இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

ஐந்தாம் படி: சாவி போட்ட நிலையில் வோல்ட்டு

ஐசொலேட்டரையும் சாவியையும் போட்டு, ஒவ்வொரு கேன் வயரையும் எர்த்துடன் அளவுங்கள். ஓய்வில் இரண்டுமே 2.5 வோல்ட்டில் நிற்கும். செய்தி ஓடும்போது ஹை 3.5 வரை ஏறும், லோ 1.5 வரை இறங்கும். மல்டிமீட்டர் சராசரியையே காட்டுவதால், ஹை 2.5க்குச் சற்று மேலும் லோ சற்றுக் கீழுமாக, இரண்டும் கூட்டினால் ஏறத்தாழ 5 வோல்ட்டாகத் தெரியும். ஹை பூச்சியமாக இருந்தால் அது எர்த்தைத் தொடுகிறது. பெட்டரி வோல்ட்டு தெரிந்தால் மின்வழங்கல் வயரோடு உராய்ந்துவிட்டது. கூட்டுத்தொகை தவறாக இருந்தால், கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் சாவியை மீண்டும் போட்டு மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் அளவு சரியாகிறதோ, அந்தக் கருவியோ அதன் கிளை வயரோதான் மற்ற எல்லாவற்றையும் முடக்கியது. ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும்போதும் பூட்டும்போதும் சாவியை அணைத்துக்கொள்ளுங்கள்.

வந்து போகும் பழுது

உண்மையில் மலையகத்தில் அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். பத்து மணிக்கு மேல் இயந்திரம் காய்ந்த பின் போய் அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். முடிந்தால் விடியற்காலையில், இயந்திரத்தைச் சூடாக்க விடாமல், பனி ஈரம் இருக்கும்போதே அளவுங்கள். முடியாவிட்டால் பூச்செடிக்கு நீர் தெளிக்கும் போத்தலால் சந்தேகமான கனெக்டரை மட்டும் நனைத்துப் பாருங்கள். இந்தச் சோதனையை, சாவி போட்ட நிலையில், வோல்ட்டு அளவீட்டில் செய்ய வேண்டும். ஈரத்தின் வழியே பக்கத்து 24 வோல்ட்டு பின்னிலிருந்து கேன் பின்னுக்கு மின்சாரம் கசிவதை, மின்சாரம் இல்லாத நிலையில் தடையளவால் காண முடியாது. மாறாக, அறுந்த வயரைத் தேடுவதற்குத் தடையளவே ஏற்றது: ஒருவர் மீட்டரைப் பார்க்க, மற்றவர் கேபின் தரையில் வயர் நுழையும் ரப்பர் வளையம், பூமின் (இயந்திரத்தின் பெரிய கையின்) அடி, பெட்டரிப் பெட்டியின் பின்புறம் ஆகிய இடங்களில் ஹார்னஸை மெதுவாக அசைக்கட்டும்.

கனெக்டரைத் திறந்தால் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு மூட வேண்டாம். பின்னின் ஓரத்தில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா, வயர் நுழையும் ரப்பர் அடைப்பு விலகியிருக்கிறதா, வயர்களை மூடிய நெளிவுக் குழாயின் தாழ்ந்த வளைவில் செம்மண் கலந்த நீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு வயரையும் விரலால் பிடித்து இலேசாக இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். உள்ளே செம்பு கறுத்து உக்கிப்போன வயர், மேலுறை கீறலின்றி இருந்தாலும், ரப்பரைப் போல நீளும். ஊசியால் மேலுறையைக் குத்தி அளப்பவர்களைப் பல இடங்களில் காணலாம். அந்தத் துளை வழியாகவே அடுத்த மழைக்கு நீர் நுழையும்.

திருத்துதலும் சரிபார்த்தலும்

களிம்பு இலேசானதென்றால் மின்தொடுகைகளுக்கான கிளீனர் தெளிப்பு போதும். பின் அரிக்கப்பட்டிருந்தால் பின்னையே மாற்றுங்கள். கனெக்டருக்குள் சாதாரண கிரீஸை அப்ப வேண்டாம். வயரை வெட்டி இணைப்பதானால் உக்கிய பகுதி முழுவதையும் நீக்கி, பளிச்சென்ற செம்பு தெரியும் இடத்தில் கிரிம்ப் செய்து (உலோகக் குழலால் நெரித்து இணைத்து), உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயால் மூடி, பழைய முறுக்கைக் குலைக்காமல் இரண்டு வயர்களையும் ஒரே நீளத்தில் வையுங்கள். முறுக்கு இல்லாத நீண்ட பகுதி வெளி மின்னிரைச்சலை வாங்கிக்கொள்ளும்.

பிறகு நான்காம், ஐந்தாம் படிகளின் அளவீடுகளை மீண்டும் எடுத்து, குறியீடுகளை அழித்து, எஞ்சினை ஓடவிட்டு, பூமையும் கேபினின் சுழற்சியையும் முழு அளவுக்கு இயக்கிப் பாருங்கள். கிடைத்த ஓம், வோல்ட்டு அளவுகளைத் திகதியுடன் பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டினால், அடுத்து வருபவருக்கு ஒப்பிட ஓர் ஆதாரம் இருக்கும்.

எல்லா அளவுகளும் சரியாக இருந்தும், மறுநாள் காலையின் ஈரத்திலும் அதே குறியீடு திரும்பினால், அலைவடிவத்தைக் காட்டும் ஒசிலோஸ்கோப்புடன் வரக்கூடியவரை அழையுங்கள். வேறு இயந்திரத்திலிருந்து கழற்றிய கன்ட்ரோலரை மாற்றிப் போட்டுப் பார்க்கும் யோசனையை அதற்கு முன் ஏற்க வேண்டாம். மொடலுக்கு ஏற்ற மென்பொருள் அதில் இல்லாவிட்டால் புதிய குறியீடுகள் கிளம்பும், பழைய பழுது அவற்றின் நடுவே மறைந்துபோகும்.