வால்வு ஆம்ப்பா டிரான்சிஸ்டர் ஆம்ப்பா? முதல்ல ஸ்பீக்கரத் திருப்பிப் பாருங்க

ஆம்ப்புன்னா ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கருக்கு பவர் குடுக்கற பொட்டி. வால்வுங்கறது பழைய ரேடியோல எரியுமே, அந்த கண்ணாடிக் குழாய். ஆம்ப் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு வேல பண்ணுங்க, வீட்ல இருக்கற ஸ்பீக்கரத் திருப்பி பின்னாடி ஒட்டியிருக்கறதப் படிங்க. சென்சிட்டிவிட்டி எத்தன டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு), இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டுற எதிர்ப்பு, 8 ஓமா 4 ஓமா, இந்த ரெண்டு நம்பர் பாதிய முடிவு பண்ணிடும், மிச்சத்த இபி லைனும் சேலத்து வெயிலும் பண்ணிடும், நம்ம ஆசைக்கு மிஞ்சுறது கொஞ்சூண்டுதான்.

87 டிபின்னு போட்டிருந்தா 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல 87 டிபி சத்தம்னு அர்த்தம். வாட்ட டபுள் பண்ணுனா 3 டிபிதான் ஏறும். 2 வாட்டுக்கு 90, 4க்கு 93, 8க்கு 96. எல்லாரும் ஏங்கற, 300பிங்கற வால்வு பக்கத்துக்கு ஒண்ணா தனியா வேல செய்யற சிங்கிள் எண்ட் ஆம்ப் குடுக்கறதே சுமாரா 8 வாட்தாங்க, 96லயே அதோட கத முடிஞ்சுது, அதுவும் நாம உக்கார்ற எடம் 3 மீட்டர் தள்ளி. ராத்திரில மெதுவா ஒரு வீணை, பழைய பாட்டு, இதுக்கெல்லாம் தாராளம். ஆனா நாதஸ்வர கச்சேரி போட்டுப் பாருங்க, தவில்ல ஒரு அடி விழுந்தா அந்த நொடி மட்டும் சராசரிய விட 15 டிபி கூட எகிறும், 15 டிபின்னா 30 மடங்கு வாட், எங்க போறது அதுக்கு. அந்த நேரத்துல வால்வு மெதுவா மழுங்கும், காதுக்கு அவ்ளோ உறுத்தாது, டிரான்சிஸ்டர் எல்லையத் தாண்டுனா நறுக்குன்னு தலைய வெட்டுன மாதிரி ஆயிரும், ட்வீட்டர் போறது பெரும்பாலும் இப்டித்தான்.

அதனால என் கணக்கு என்னன்னா, ஸ்பீக்கர் 95க்கு மேலன்னா சின்ன வால்வு ஆம்ப்பே போதும், 90 பக்கம்னா இஎல்34ங்கற வால்வு ஜோடி ஜோடியா வேல செய்யற புஷ் புல் ஆம்ப், 30 40 வாட் வரும். 85, 87ன்னா, அதோட 4 ஓமும்னா, யோசிக்கவே வேணாம் டிரான்சிஸ்டர்தான். வால்வு ஆம்ப்ல அவுட்புட் இம்பீடன்ஸ் ஜாஸ்தி, ஸ்பீக்கரோட கோன் காகிதத்த இறுக்கிப் புடிக்காது, பேஸ் கொழகொழன்னு வரும். அதையே வார்ம்னு சொல்லி ரசிக்கறவங்களும் இருக்காங்க, தப்பில்ல, ரெண்டாவது ஹார்மோனிக், அதாவது சுரத்தோட ரெண்டு மடங்கு அதிர்வு, கொஞ்சம் கூடுனா குரல் நெஜமாவே இனிக்கும்.

இப்ப நம்மூரு விஷயம். இஎல்34 ஒண்ணுக்கு, வால்வ உள்ள சூடாக்கற கம்பி இருக்கே, அந்த ஹீட்டர் மட்டுமே 9 வாட்டுக்கு மேல, நாலு போட்ட ஸ்டீரியோ ஆம்ப் பாட்டே போடாம சும்மா எரியறப்பவே 130, 150 வாட் இழுக்கும். தினம் 4 மணி நேரம் கேட்டா ரெண்டு மாச பில்லுல 36 யூனிட் வரைக்கும். காசக் கூட விடுங்க, சித்திரையில ஏசி இல்லாத ரூம்ல அது ஒரு அடுப்புங்க. நானே ஏப்ரல், மே ரெண்டு மாசமும் வால்வ துணி போட்டு மூடிட்டு கிளாஸ் டின்னு கரண்ட் கம்மியா இழுக்கற ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் போர்டுலதான் கேக்கறேன், கைய வெச்சா சூடே தெரியாது.

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி மாதிரி தறி ஓடுற பக்கம் குடியிருக்கறவங்க ஒரு மல்டிமீட்டர் வாங்கி வோல்டேஜ் பாருங்க, தறி ஓடுறப்ப ஒரு தடவ, தறி நின்ன ராத்திரி ஒரு தடவ. 250 காட்டுச்சுன்னா 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.8க்கு மேல போகும், வால்வு ஆயுசு கொறையும். ஸ்டெபிலைசர் இல்லாம வால்வு வேணாம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்லயும் ஓட்டாதீங்க, கொய்ங்னு ஒரே ஹம்.

ஏற்காட்டுல வீடுன்னா கத வேற. 1500 மீட்டர் உசரம், மார்கழி ராத்திரில வால்வு பக்கத்துல கைய நீட்டிட்டு கேக்கற சொகம் இருக்கே, அத எந்த ஸ்பெக் ஷீட்டும் சொல்லாது. ஆனா பனி மூட்டத்துல சாக்கெட் பின்னு கறுத்துப் போயி கரகரன்னு சத்தம் வரும், அப்பப்ப தொடைக்கணும். இடி இடிச்சா எந்த ஆம்ப்பா இருந்தாலும் பிளக்கையே புடுங்கிருங்க.

ரிப்பேர் யாரு பண்ணுவாங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல இருக்கற அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஒண்ணு எனக்கு போயி, மோட்டார் காயில் கட்டுறவர்கிட்ட குடுத்தேன், அழகா கட்டிக் குடுத்தாரு, பேஸும் போச்சு ட்ரெபிளும் போச்சு. அவர் மேல தப்பில்ல, அதுல பிரைமரி, செகண்டரின்னு ரெண்டு காயிலையும் மாத்தி மாத்தி அடுக்கிக் கட்டணும், தண்ணி மோட்டார் மாதிரி கெடையாது. பவர் வால்வு 2000லருந்து 5000 மணி நேரம்தான் வரும், மாத்தறப்ப ஒரே அளவா கரண்ட் இழுக்கற, மேட்ச் பண்ண ஜோடியா வாங்கணும், புதுசா ஆரம்பிக்கறவங்க வால்வோட கரண்ட தானா சரி பண்ணிக்கற ஆட்டோ பயாஸ் மாடலா பாருங்க, தலவலி கம்மி.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: வால்வு ஆம்ப்ப ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணி பாட்டு போடக்கூடாது, டிரான்ஸ்பார்மர் போயிரும். டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு நேர் எதிரு, ஸ்பீக்கர் வயரு ஒண்ணோட ஒண்ணு தொட்டா போச்சு. வால்வு ஆம்ப்புக்குள்ள 400 வோல்ட்டும் அதுக்கு மேலயும் ஓடும், ஆஃப் பண்ண பெறகும் கண்டென்சர்ல நிக்கும், ஆள அடிச்சுப் போடும். தெரியாம தொறக்காதீங்க, சின்னக் கொழந்தைங்க இருந்தா மேல கூண்டு இருக்கற மாடலா வாங்குங்க.

ஆன்லைன்ல 6ஜே1னு ரெண்டு குட்டி வால்வு வெச்ச ப்ரீஆம்ப் மலிவா கெடைக்கும், ஆரஞ்சு கலர்ல ஜொலிக்கும், அடியில பாத்தா எல்ஈடி. பொம்மையா வாங்கிக்கலாம். பிஎம்பிஓன்னு ஊதிப் பெருக்குன கணக்குல 2000 வாட் போட்டிருந்தா அடுத்த பக்கத்துக்குப் போயிருங்க, விடாம குடுக்கற நெஜ வாட்டான ஆர்எம்எஸ் எவ்ளோன்னு மட்டும் கேளுங்க.

கேட்டுப் பாத்து வாங்கப் போறீங்கன்னா உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச ரெண்டு பாட்டு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு ஆம்ப்லயும் வால்யூம் ஒரே அளவா இருக்கணும், போன்ல ஒரு டிபி மீட்டர் ஆப் போட்டு சரி பண்ணிக்கங்க, 1 டிபி கூட இருந்தாலே அந்த ஆம்ப்தான் நல்லா இருக்குன்னு காது சொல்லிப்புடும், விக்கறவருக்கும் அது நல்லாத் தெரியும்.