பெரட்டில் (காலையில் பேர் கூப்பிடும் வரிசையில்) சிரிக்க வைப்பது எப்படி? புது மண்டோர்களுக்கு

மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் அறுவடை கேங்குக்கு மண்டோராக, அதாவது மேற்பார்வை பார்க்கிறவனாக, இருக்கிறேன். (பழைய பேரான பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் எங்கள் ஆட்கள் பலருக்கு ஊர் விளங்கும்.) கேங்கில் நம் ஆட்கள் கொஞ்சம், மீதிப் பேர் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியர்களும். "அண்ணே, திட்டாம எப்படி வேலை வாங்குறீங்க?" என்று புதிதாக மண்டோர் ஆன தம்பிகள் கேட்பார்கள். திட்டாமல் எல்லாம் இல்லை. எங்கே திட்டுவது, எங்கே சிரிக்க வைப்பது என்று பிரித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

சிரிக்க வைத்தால் ஆட்கள் வேகமாக வெட்டுவார்கள் என்று நினைத்தால் அதை விட்டுவிடுங்கள். வேகம் கூலியைப் பார்த்து வரும். சிரிப்புக்கு வேறு வேலை இருக்கிறது. ஒருவன் அவசரத்தில் காய்க்குலையை (பழுக்காத குலையை) வெட்டிவிடுகிறான். வெளியே வந்தால் தன் பேரில் ஏறும் என்று அடுக்கி வைத்த மட்டைக்கு அடியில் தள்ளிவிடுகிறான். அடுத்த சுற்றுக்கு அந்த நெரைக்கு (மர வரிசைக்கு) போகப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அப்போதுதான் கறுத்துப்போன குலை கண்ணில் படும். அன்றைக்கே அவன் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் சுற்று சீக்கிரம் வந்துவிட்டதா, மரம் உயரமாகிப் பழம் தெரியவில்லையா என்று பார்த்திருக்கலாம். மண்டோரிடம் பேசப் பயம் இருக்கிற கேங்கில் மட்டைக்கு அடியில்தான் எல்லாம் கிடக்கும்.

நான் செய்வது இது. அப்படி ஒரு காய்க்குலை கிடைத்தால் காலையில் பெரட்டுக்குத் தூக்கிப் போய் வரிசைக் கடைசியில் வைப்பேன். யார் நெரையில் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். பேர் கூப்பிட்டு முடித்ததும் குலையைப் பார்த்து, "இவரு புதுசா? வயசு பத்தாது போலிருக்கே! தமிழ்ப்பள்ளியில மூணாம் வகுப்பு படிக்கிற பிள்ளைய மில்லுக்கு வேலைக்கு அனுப்பப் பாத்திருக்கீங்களே!" என்பேன். உடனே மலாயிலும், "டியா மாசிஹ் செக்கோலா லா!" (இவன் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவன்!) சிரிப்பு அடங்கியதும் ஒரே ஒரு தடவை, சிரிக்காமல்: தரையில் உதிரி (குலையிலிருந்து உதிர்ந்த பழம்) விழாத மரத்தில் கத்தி வைக்காதே. அதற்கு மேல் பேசக்கூடாது. வெட்டினவன் சாயந்திரம் தானாக வந்து பேச்சுக் கொடுப்பான். அப்போது தனியாகக் கேளுங்கள். யார் என்று பெரட்டிலேயே கண் ஜாடை காட்டினால்கூட எல்லாம் கெட்டது.

மலாயில் சொல்வது முக்கியம். தமிழில் மட்டும் சொல்லி நாலு பேர் சிரித்தால் மற்றவர்கள் தங்களைத்தான் கேலி செய்கிறோம் என்று நினைப்பார்கள். நினைப்பதில் தப்பும் இல்லை. மலாயில் சொல்ல வராத ஜோக்கை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைக் கிண்டல் செய்யலாம்? கேங்கில் இல்லாதவற்றை. லாரி ஒரு நல்ல ஆள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். லாரி வராத நாளில் எல்லாருக்கும் கோபம் ஏறும், அந்த நேரத்தில் லாரியைப் பற்றி என்ன சொன்னாலும் எடுபடும். கொசு, குரங்கு, காட்டுப்பன்றி, பிறகு உங்கள் தொப்பை. பொறுக்காமல் விட்ட உதிரியைப் பார்த்து, "யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அட்சதை போட்டீங்க?" என்று கேட்கலாம், பெயர் சேர்க்காத வரைக்கும்.

தொடவே கூடாதவை: நிறம், சாதி, கடன், தண்ணி, அடுத்தவன் வீட்டுப் பெண்கள். ஐ.சி. (அடையாள அட்டை), பெர்மிட், பாஸ்போர்ட்டும் அதே கணக்குதான். அந்தக் காய்க்குலைக்கு "இன்னும் ஐ.சி. கூட எடுக்கல" என்று சொன்னால் இன்னும் நன்றாகச் சிரிப்பார்கள். ஆனால் நம் ஆட்களிலேயே ஐ.சி. இல்லாமல் அலைகிறவர்கள் உண்டு. உதிரி பொறுக்கும் அக்காமார் முன்னால் இரட்டை அர்த்தப் பேச்சும் வேண்டாம். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் ஒட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. அது கிராணியார் (ஆபீஸ் எழுத்தர்) படிப்பதற்காக மட்டும் ஒட்டியதில்லை.

பட்டப்பெயர் தோட்டத்தில் இல்லாமல் இருக்காது. அவனே அதைச் சொல்லிச் சிரிக்கிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் கேங் கூப்பிட்டாலும் நீங்கள் கூப்பிடாதீர்கள்.

மரத்தடியில் ஜோக் கிடையாது. நீளக் கம்பில் கத்தி மேலே போய்விட்டால், பக்கத்தில் கரண்டுக் கம்பி போனால், மட்டை சாயப் போகிறது என்றால், என் குரல் வேறு. காலையில் சிரித்துப் பேசுகிற ஆள் இப்போது கத்துகிறான் என்றால் உடனே நகர்வார்கள். எந்நேரமும் கத்துகிறவன் கத்தினால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

சம்பள நாளிலும் வாயைக் கட்டுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று எல்லாருக்கும் தெரியும். பிடித்தம் போக மீதியைப் பார்த்து நிற்கிறவனிடம் "என்ன தவுக்கே (முதலாளி)!" என்று தோளில் தட்டாதீர்கள். சீட்டில் என்ன பிடித்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள்.

ஜோக் விழவில்லையா? விளக்கம் சொல்லாமல் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை என்றால் பசியாறும் நேரத்தில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். பெரும்பாலும் வீட்டில் ஏதோ இருக்கும், ஜோக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

கேங் பழகிவிட்டது என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. நீங்கள் நடப்பதைப்போல, திட்டுவதைப்போல உங்கள் எதிரிலேயே நடித்துக் காட்டுவார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். என்னைப் போலவே இடுப்பில் கைவைத்து, "உதிரி, உதிரி!" என்று கத்திக் காட்டும் வங்காளதேசத்துப் பையன்தான் எந்தக் குலை லாரியில் ஏறாமல் விட்டுப்போனது என்று முதலில் வந்து சொல்கிறவனும்.