படிவம் 1-ல கணக்கு புரியலையா? மொதல்ல பாஷையப் பாருங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல தமிழ்ப்பள்ளி முடிக்கிற வரைக்கும் கணக்குன்னா எனக்கு உசுரு, ஆனா இடைநிலைப்பள்ளில படிவம் 1 போனதும் எல்லாம் மலாய்ல வந்து பின்னம் 'பெச்சஹான்', பரப்பளவு 'லுவாஸ்'னு ஆனதுல புத்தகத்தையே வெறுத்துட்டேன். கணக்கு வராம இல்லீங்க, கேள்விதான் புரியல!

அப்புறம் ஒரு சின்ன நோட்டுல மலாய் சொல்லு, பக்கத்துலயே தமிழ், கூடவே ஒரு குட்டிக் கணக்குன்னு தினம் அஞ்சு எழுதினேன். 'பெராதுஸ்'க்கு, அதாவது விழுக்காட்டுக்கு, அப்பா விக்கிற கட்டிப்பால்தான் (உறைஞ்சு கட்டியான ரப்பர் பால்) உதாரணம், 40 கிலோ போட்டு அதுல காஞ்ச ரப்பர் 50 விழுக்காடுன்னா 20 கிலோவுக்குத்தான் காசு (அப்பா இத வாயாலயே போட்டுருவாரு, நான்தான் கால்குலேட்டர் தேடுவேன்). தப்பான கணக்க மட்டும் ஒரு வாரம் கழிச்சு விடையப் பாக்காம திரும்பப் போடுங்க, அதுலதான் எனக்கு மறுபடி ஆசை வந்துச்சு.