அறப்பணிக்காகப் பழைய பிலிம் கேமராவை விற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலமாரியின் மேல்தட்டில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் பிலிம் கேமராவை விற்று, வரும் பணத்தை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்க நினைப்பவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள். அந்த நல்ல மனமே இரண்டு வகையில் காலை வாரிவிடுகிறது. வாங்குகிறவரிடம் பளபளவென்று கொடுக்க வேண்டும் என்று துடைத்தும் திருகியும் கேமராவைக் கெடுத்துவிடுகிறார்கள். அல்லது, ‘காசு எனக்கா வருகிறது, நல்ல காரியத்துக்குத்தானே’ என்று குறைகளைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எப்படி ஆனாலும் இழப்பு, உதவி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான்.

கேமராவைக் கையில் எடுத்தவுடன் பின்மூடியைத் திறந்து பார்ப்பதுதான் முதல் தவறு. உள்ளே பிலிம் இருக்கலாம். 35 மி.மீ. கேமராக்கள் பெரும்பாலானவற்றில் மேல்பக்கத்தின் இடது ஓரத்தில் ரீவைண்ட் குமிழ் இருக்கும். அதன் சிறு கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே ஒன்றுமில்லை. கொஞ்சம் சுற்றியதும் இழுத்துப் பிடித்தால் பிலிம் இருக்கிறது. அப்போது அடிப்பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி, இறுக்கம் விட்டுப்போகும் வரை சுற்றிய பிறகே திறக்க வேண்டும்.

என் பெரியப்பா இறந்த பிறகு அவருடைய கேமராவை நான் இப்படிப் பார்க்காமல் திறந்துவிட்டேன். உடனே மூடியும் பயனில்லை. எடுத்த படங்கள் சுருளும் அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். வெளியே உள்ள அடுக்குகளில் வெளிச்சம் பட்டு எல்லாம் போய்விட்டது. அச்சை ஒட்டி உள்ளே இருந்த, அவர் முதலில் எடுத்த நான்கு படங்கள் மட்டும் கழுவியபோது தப்பியிருந்தன. அவற்றில் ஒன்றில் பெரியம்மா சிரித்துக்கொண்டிருக்கிறார். போன படங்களில் என்ன இருந்தது என்று இன்று வரை நினைத்துப் பார்க்கிறேன். ஆகவே இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்: முதலில் பிலிம், பிறகு விற்பனை. வண்ண நெகட்டிவ் பிலிமையும் கறுப்பு வெள்ளைப் பிலிமையும் கழுவித் தரும் லேப்கள் இன்றும் இருக்கின்றன. வெளியே வருவது கோடாக் நிறுவனத்தின் கோடாக்குரோம் என்னும் வண்ணப் பிலிம் சுருளாக இருந்தால் மட்டும் கதை வேறு. அதைக் கழுவிய உலகின் கடைசி லேப் 2010 டிசம்பரோடு சுருள்களைப் பெறுவதை நிறுத்திவிட்டது. இனி அதைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்க்கும் வழிதான் உண்டு.

துடைக்கும் கை

பழைய கேமராவுக்குத் தூசியால் வரும் கேட்டைவிடக் கைக்குட்டையால் வரும் கேடு அதிகம். லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராவின் லென்ஸைக் கழற்றினால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூச்சு பின்புறம் இருக்கும், இதற்கு முன்புறம். துணி பட்டால் கீறல் விழும், அது திரும்பப் போகாது. அதற்குப் பின்னால், படமெடுக்கும் நேரத்தில் மட்டும் திறந்து வெளிச்சத்தை விடும் ஷட்டர் திரை துணியாலானாலும் மெல்லிய உலோகத் தகடுகளாலானாலும் விரல் படவே கூடாது. ஒரு தகடு லேசாக வளைந்தால் போதும், ஓடிக்கொண்டிருந்த கேமரா உதிரிபாகமாகிவிடும். அழுத்தக் காற்றுக் குப்பியால் உள்ளே ஊதுவதும் இதே ஆபத்துதான்.

எண்ணெய் விடுவது இதைவிடப் பெரிய தவறு. பிலிமை நகர்த்தும் நெம்புகோல் இறுக்கமாக இருக்கிறதே என்று துரு நீக்கும் எண்ணெயைத் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணெய் ஊர்ந்து ஷட்டர் தகடுகளையும், லென்ஸுக்குள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் தகடுகளையும் ஒட்ட வைத்துவிடும். இறுக்கமான கேமராவைப் பழுது பார்க்க முடியும் என்று நம்பி ஒருவர் வாங்குவார். எண்ணெயில் குளித்த கேமரா என்றால் அவரும் யோசிப்பார்.

பின்மூடியின் ஓரங்களில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். வெளிச்சம் உள்ளே புகாமலிருக்க ஒட்டிய பஞ்சுப் பட்டை காலப்போக்கில் தார் போல இளகியிருக்கிறது. 1970, 80களில் வந்த கேமராக்களில் இது மிகச் சாதாரணம். நீங்களே சுரண்டப் போனால் துணுக்குகள் ஷட்டருக்குள் விழும். ‘ஒளித்தடுப்புப் பட்டை மாற்ற வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். வாங்குபவர்கள் இதை எதிர்பார்த்தே வருகிறார்கள். கறுப்புப் பூச்சு தேய்ந்து ஓரங்களில் பித்தளை தெரிந்தால் அதற்கும் வண்ணம் பூசாதீர்கள். அந்தத் தேய்மானத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: வெளிப்புறத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பது, லென்ஸின் மேல் கையடக்க ரப்பர் ஊதியால் மெதுவாக ஊதுவது, பேட்டரியை எடுத்துவிடுவது. பேட்டரி அறையில் வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சு சுற்றிய குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைக்கலாம். எடுத்த பேட்டரி பழைய பாதரச பேட்டரியாக இருக்கலாம். அதைக் குப்பையில் போடாமல் பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

‘வேலை செய்கிறது’ என்ற சொல்

விற்பனையில் வரும் சண்டைகளில் பாதி இந்த ஒரு சொல்லிலிருந்துதான் கிளம்புகிறது. பொத்தானை அழுத்தினேன், ‘கிளிக்’ என்று கேட்டது, ஆகவே வேலை செய்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். ஷட்டர் 1/125 நொடியில் சரியாக ஓடி, 1 நொடியில் பாதியிலேயே நின்றுவிடுவது பழைய கேமராக்களில் அடிக்கடி நடப்பது. உள்ளே உள்ள மசகு காய்ந்திருக்கும். எனவே, பிலிம் இல்லை என்று உறுதி செய்த பிறகு பின்மூடியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை இயக்கி, வெளிச்சம் புகுந்து போவதைக் கண்ணால் பாருங்கள். 1 நொடி, 1/2, 1/4, 1/8 என்று வேகம் கூடுவது காதுக்கே தெரியும்.

சோதிக்கும்போதும் கேமராவின் குணம் தெரிந்திருக்க வேண்டும். ஜோர்க்கி போன்ற சோவியத் கேமராக்களில் ஷட்டரை ஏற்றிய (அடுத்த படத்துக்குத் தயார்படுத்திய) பிறகே வேகக் குமிழைத் திருப்ப வேண்டும். முறை மாறினால் உள்ளே முறியலாம். தானாகப் படமெடுக்கும் டைமரைத் தொடவே தொடாதீர்கள். பல ஆண்டுகள் ஓடாதிருந்த அந்தச் சிறு கடிகாரப் பொறி பாதியில் நின்று, கேமராவையே பூட்டிவிடக்கூடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இதில்தான் அறக்கட்டளைக்குப் போக வேண்டிய பணம் நிறையப் பறிபோகிறது. 1976இல் வந்த கேனன் ஏஇ-1 ஓர் உதாரணம். அதில் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் அசையவே அசையாது. இதை அறியாமல் ‘கெட்டுப்போனது, உதிரிபாகத்துக்கு’ என்று எழுதி அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு 6 வோல்ட் பேட்டரி போட்டால் அது விழித்துக்கொள்ளக்கூடும். ஒலிம்பஸ் டிரிப் 35 இன்னொன்று. அதற்குப் பேட்டரியே கிடையாது. தானியங்கி நிலையில் வைத்து, லென்ஸைக் கையால் மூடிப் பொத்தானை அழுத்தினால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் சிவப்புக் கொடி ஒன்று எழும்பி, படமெடுக்க மறுக்கும். அது பழுது அல்ல. கையை எடுத்து நல்ல வெளிச்சத்தில் அழுத்தும்போது கொடி எழாமல் படமெடுத்தால், வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி உயிரோடு இருக்கிறது.

ஒளிமானியைப் பற்றி எழுதும்போது இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 1960, 70களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. இன்று அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். முள் நகரும், ஆனால் காட்டும் அளவு தவறாக இருக்கலாம். ஆகவே ‘ஒளிமானியின் முள் அசைகிறது, அளவு சரிபார்க்கவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. முடிந்தால் ஒரு சுருளைப் போட்டுப் படமெடுத்து, அந்தப் படங்களையே விளம்பரத்தில் காட்டுங்கள். முடியாவிட்டால் ‘பிலிம் போட்டுச் சோதிக்கவில்லை’ என்று சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

லென்ஸைப் படமெடுக்காமல் விடுவதும் தவறு. பின்பக்கமிருந்து ஒரு டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல் நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. மூச்சு விட்ட கண்ணாடி போல் இருந்தால் மூட்டம். எது தெரிந்தாலும் அப்படியே படமெடுத்துப் போடுங்கள்.

விலையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிறர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். வயது கூடினால் விலையும் கூடும் என்று எண்ண வேண்டாம். 1900இல் தொடங்கிய கோடாக் பிரவுனி வரிசை மிகப் பெரும் எண்ணிக்கையில் விற்றதால், பழமையானவற்றில் பலவும் எளிதாகவே கிடைக்கின்றன. விலை உயர்ந்த ஜெர்மன் கேமராவான ‘லைக்கா’வின் பெயர் பொறித்திருந்தால் மட்டும் நிதானியுங்கள். ஃபெட், ஜோர்க்கி என்னும் சோவியத் கேமராக்களின் மேல் அந்தப் பெயரைப் பொறித்த போலிகள் உலகெங்கும் உலவுகின்றன. அறிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் அந்தப் பெயரில் விற்காதீர்கள்.

அறப்பணியின் பெயரால்

‘தொகையில் ஒரு பகுதி நன்கொடைக்கு’ என்று எழுதுவது எனக்குச் சற்றும் பிடிக்காத வழக்கம். எவ்வளவு பகுதி? விற்பனைத் தளக் கட்டணமும் அஞ்சல் செலவும் போன பிறகா, முன்பா? எந்த அறக்கட்டளை? மூன்றுக்கும் விடை விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். செலவைக் கழித்துக்கொள்வதில் குற்றமில்லை, அதைச் சொல்லாமல் கழிப்பதுதான் குற்றம். அறக்கட்டளையின் பெயரையோ சின்னத்தையோ போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஈபே போன்ற தளங்களில் சில நாடுகளில், விற்ற தொகையில் நீங்கள் குறிக்கும் பங்கை நேரடியாக அறக்கட்டளைக்கு அனுப்பும் ஏற்பாடே இருக்கிறது. வாங்குபவருக்கு அதைவிட நம்பிக்கை தருவது வேறில்லை.

வரிச்சலுகை கிடைக்கும் என்று வாங்குபவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அவர் பொருளை வாங்குகிறார், நன்கொடை தருவது நீங்கள். விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. விலை குறைத்துக் கேட்பவரிடம் ‘நல்ல காரியத்துக்குக் கூடவா பேரம்?’ என்று கேட்பதும் கூடாது. அவர் கேமராவின் நிலைமைக்குத்தான் விலை பேசுகிறார். அவரை வெட்கப்படுத்தி வாங்கும் பணம் அறக்கட்டளையின் பெயருக்கே களங்கம்.

இறந்தவரின் கேமரா என்றால், வீட்டில் எல்லோரிடமும் கேட்ட பிறகு விற்பனைக்கு வையுங்கள். விற்கும் வேலையே வேண்டாம் என்று நன்கொடையாக வரும் பொருட்களை விற்கும் கடையில் கேமராவை அப்படியே கொடுப்பவர்கள், மாடலின் பெயரும் தெரிந்த குறைகளும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றைக் கட்டிக் கொடுங்கள். அங்கு வேலை செய்பவர்களுக்கு இது என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அனுப்பும்போது பேட்டரியை வெளியே எடுத்து, ஷட்டரை இறக்கிய நிலையில் வைத்து, இரு பக்கமும் மூடி போட்டுக் காற்றுக் குமிழ்கள் கொண்ட பிளாஸ்டிக் உறையில் நன்றாகச் சுற்றுங்கள். ஹாசல்பிளாட் 500 வரிசைக் கேமராக்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றின் லென்ஸைத் தனியே கழற்றுவதானால் ஏற்றிய நிலையில்தான் கழற்ற வேண்டும். பழைய தோலுறை ஈரத்தையும் பூஞ்சையையும் தேக்கி வைத்திருக்கும் என்பதால் அதைத் தனிப் பையில் வையுங்கள்.

பணம் கைக்கு வந்த அன்றே அறக்கட்டளைக்கு அனுப்பிவிடத் தோன்றும். பொறுங்கள். பொருள் போய்ச் சேர்ந்து, திருப்பி அனுப்புவதற்கான காலக்கெடு முடியட்டும். அதற்குள் கேமரா திரும்பி வந்தால், கொடுத்த நன்கொடையை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பீர்கள்? கெடு முடிந்ததும் சொன்ன தொகையைச் சொன்னபடி அனுப்பி, ரசீதில் உங்கள் முகவரியையும் கணக்கு எண்ணையும் மறைத்து, ஒரு நகலை வாங்கியவருக்கு அனுப்பி வையுங்கள்.