முதல் முறை பீச் கிளீன்-அப் போகிறவர்களுக்கு: பையோடு ஒரு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்

செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேச கடற்கரை தூய்மை நாள். 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் இரண்டு பெண்கள் தொடங்கியது இது. குப்பையைப் பொறுக்குங்கள் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை, எடுக்கிற ஒவ்வொரு பொருளையும் ஒரு தாளில் குறித்துவைக்கச் சொன்னார்கள். சென்னையில் நடக்கிற பல கிளீன்-அப்களில் அந்தத் தாளைத்தான் காணோம். இத்தனை மூட்டை எடுத்தோம் என்று குரூப் போட்டோ வருகிறது, மூட்டைக்குள் என்ன இருந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. முதல் முறை போகிறவர்கள் இந்தப் பழக்கத்தோடு ஆரம்பித்துவிட்டால் ரொம்ப நல்லது, அதனால் அதை மனதில் வைத்தே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

1. இடமும் ஆளும்

தன்னார்வக் குழுக்கள் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் முன்கூட்டியே அறிவிப்பு போடுவார்கள், அதில் பெயர் கொடுத்தால் போதும். செப்டம்பர் தவறிவிட்டால் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் இருக்கிறது. எந்த நாளும் அமையவில்லை என்றால் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள், அதற்கும் இதே முறைதான்.

மெரினா வேண்டாம் என்பேன். அது அகலமான மணல்வெளி, புதிதாக வருகிறவர்களுக்கு எங்கே தொடங்குவது என்றே புரியாது. பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற இடங்கள் கைக்கு அடக்கமானவை. பெசன்ட் நகருக்கு 29சி பஸ் இருக்கிறது, டெர்மினஸிலிருந்து நடந்தே போய்விடலாம். காலை ஆறு மணிக்கு இறங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வெயில் வேலை செய்ய விடாது.

2. என்ன கொண்டுபோவது

கறுப்பு குப்பைக் கவர் வாங்காதீர்கள், அதுவும் பிளாஸ்டிக்தான். வீட்டில் கிடக்கும் காலி அரிசிப் பை இரண்டு போதும். கைக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தடித்த கையுறை. டாக்டர்கள் போடுகிற மெல்லிய கையுறை சீக்கிரமே கிழிந்து அதுவும் குப்பையாகிவிடும். காலுக்கு ஷூ, கண்டிப்பாக. கண்ணாடித் துண்டு போட மூடி உள்ள ஒரு பழைய பெயிண்ட் டப்பா, வலை அறுக்க கத்தரிக்கோல், மணலில் உடைந்து கிடக்கும் தெர்மாகோல் உருண்டைகளைப் பிரிக்க ஒரு பழைய சல்லடை, அப்புறம் அட்டையில் கிளிப் போட்ட தாளும் பேனாவும்.

குடிக்க ஸ்டீல் பாட்டில், டீ குடிக்க ஒரு டம்ளர். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் உண்டு. தூய்மை நாளன்றே அதில் டீ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கேட்கிற நாலு பேருக்கும் விஷயம் போய்ச் சேரும்.

3. எதைத் தொடக்கூடாது

இதைத்தான் புதியவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். ஊரூர் குப்பம் மாதிரியான மீனவக் குப்பங்களை ஒட்டிய மணலில் வலை, கயிறு, மிதவை எல்லாம் பரப்பிக் கிடக்கும். பார்க்கக் குப்பை மாதிரி இருக்கலாம், அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. பக்கத்தில் இருக்கிறவரிடம் “அண்ணா, இது உங்களுக்கு வேணுமா?” என்று கேட்காமல் ஒரு கயிற்றைக்கூட இழுக்காதீர்கள். கேட்டால் அவர்களே வேண்டாத கிழிந்த வலையைக் காட்டித் தருவார்கள், பாதி மணலில் புதைந்திருப்பதை எப்படி எடுப்பது என்றும் சொல்வார்கள். கடலில் தொலைந்துபோன வலையில் ஆமையும் மீனும் மாட்டிச் சாகின்றன, அதனால் அப்படி ஒரு வலையை வெளியே எடுப்பது பெரிய வேலை.

மணலில் படர்ந்திருக்கும் அடும்புக்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் பிடுங்கிச் ‘சுத்தம்’ செய்துவிடாதீர்கள். மணல்மேடு காற்றில் பறக்காமல் பிடித்துவைத்திருப்பவை அவைதான். சிப்பி, கடற்பாசி, நண்டு வளை எல்லாம் கடற்கரைக்குச் சொந்தம்.

ஊசி, சிரிஞ்சு கண்ணில் பட்டால் கையுறை இருந்தாலும் எடுக்க வேண்டாம், ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். விநாயகர் சதுர்த்தி முடிந்த சில நாட்களிலேயே இந்தத் தூய்மை நாள் வரும் வருடங்களில், சிலை கரைக்கும் பட்டினப்பாக்கம், நீலாங்கரை பக்கம் மரச்சட்டம், ஆணி, கம்பி கரை ஒதுங்கியிருக்கும். பார்த்து நடங்கள்.

4. எண்ணும் முறை

மூன்று பேர் ஒரு குழு: இருவர் எடுக்க, ஒருவர் எழுத. நூறு மீட்டர் நீளத்தை அளந்து, இரண்டு முனையிலும் ஓர் அடையாளம் (விளக்குக் கம்பம், கடை, படகு நிறுத்தும் மேடை) குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் மட்டும் எடுங்கள். கிலோமீட்டர் கணக்கில் மேலோட்டமாக நடப்பதைவிட இது பல மடங்கு பயன்படும்.

தாளில் இந்தத் தலைப்புகள் போதும்: பிளாஸ்டிக் பாட்டில், மூடி, கேரி பேக், தின்பண்ட பாக்கெட், ஷாம்பு மற்றும் பான்மசாலா சாஷே, கப்பும் ஸ்ட்ராவும், சிகரெட் துண்டு, தெர்மாகோல், வலையும் கயிறும், செருப்பு, கண்ணாடி, மற்றவை. எடுப்பவர் சத்தமாகப் பெயர் சொல்ல, எழுதுபவர் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். பாக்கெட்டில் கம்பெனி பெயர் தெரிந்தால் அதையும் ஓரத்தில் எழுதுங்கள். போனில் செய்ய விரும்புகிறவர்களுக்கு கிளீன் ஸ்வெல் என்ற ஆப் இருக்கிறது, அதில் பதிவது உலகத் தரவோடு சேரும். ஈரக் கையோடு போனைத் தடவுவதைவிடத் தாள் எனக்கு வசதி.

சிகரெட் துண்டு சின்னதாக இருக்கிறதே என்று விடாதீர்கள். அதன் ஃபில்டரும் ஒரு வகை பிளாஸ்டிக் இழைதான்.

5. எடுத்தது எங்கே போகிறது?

பிரிக்காத மூட்டை பெருங்குடி அல்லது கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். பெருங்குடி கிடங்கு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று 2022-ல் ராம்சார் அங்கீகாரம் பெற்ற அதே சதுப்பு நிலம். அந்தத் தண்ணீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்கே திரும்புகிறது. கரையில் எடுத்ததைக் கலந்து கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

அதனால் அங்கேயே பிரியுங்கள். பாட்டில், கண்ணாடி, இரும்பை காயலான் கடை எடுத்துக்கொள்ளும். சாஷே, பாக்கெட் போன்ற பல அடுக்குப் பிளாஸ்டிக்கை அவர்கள் வாங்க மாட்டார்கள், அதைத் தனி மூட்டையாகக் கட்டி மாநகராட்சி வண்டியில் கொடுங்கள். இரண்டு நாள் முன்பே வார்டு அலுவலகத்தில் சொல்லிவைத்தால் வண்டி வரும், இல்லையென்றால் மூட்டைகள் ரோட்டோரம் கிடந்து நாய் கிளறி மறுபடியும் மணலுக்கே வந்துவிடும். அந்தப் பகுதித் தூய்மைப் பணியாளர் அக்காவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் குப்பை எந்தக் கிழமை அதிகம் என்று அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

6. அந்தத் தாளை வைத்து என்ன செய்வது

வீட்டுக்கு வந்து கூட்டிப் பாருங்கள். கப்பும் ஸ்ட்ராவும் அதிகம் என்றால் காரணம் பெரும்பாலும் பக்கத்துக் கடைகள்தான், நேராகப் போய்ப் பேசலாம், குப்பைத் தொட்டி இல்லையென்றால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். சாஷேவும் செருப்பும் அதிகம் என்றால் ஆற்று வழியாக வந்திருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும், அப்போது அடையாறு முகத்துவாரம் தள்ளுவது பெசன்ட் நகர்ப் பக்கம் ஒதுங்க வாய்ப்பு உண்டு. கம்பெனிப் பெயர்களும் வீண் இல்லை. தங்கள் பேக்கேஜிங் கழிவுக்குத் தயாரிப்பாளர்களே பொறுப்பு என்று பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. தாளின் ஒரு நகலை வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள், உங்கள் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபை கூட்டம் நடந்தால் அங்கே வாசியுங்கள். ‘பீச் அசுத்தமாக இருக்கிறது’ என்ற புகாரைத் தட்டிக்கழிப்பது சுலபம், நூறு மீட்டரில் எது எத்தனை என்று எழுதிக் கொடுத்தால் அவ்வளவு சுலபம் இல்லை.

மழை முடிந்து ஜனவரியில் அதே நூறு மீட்டரில் மறுபடியும் எண்ணுங்கள். அது பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவம், ஆகவே விடிந்த பிறகு மட்டும் போங்கள், மணலைத் தோண்ட வேண்டாம், இறந்த ஆமையைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். புதுத் தாளில் செப்டம்பரில் போட்ட அதே தலைப்புகளையே, அதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். அப்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.