வெளி மாநிலத்தில் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? அமெரிக்கச் சட்டம் கேட்பவை

டெக்சாஸில் குடியிருப்பவர் ஒக்லஹோமா கடை ஒன்றில் வேட்டை ரைஃபிளுக்குப் பணம் கட்டி, அன்றே வீட்டுக்கு எடுத்து வரலாம். அதே கடையில் கைத்துப்பாக்கி கேட்டால் கையில் தரமாட்டார்கள். அது அவருடைய சொந்த மாநில டீலர் ஒருவருக்குப் போய், அங்கிருந்துதான் அவருக்குக் கிடைக்கும். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் மட்டும் இந்தச் சலுகையைத் தருகிறது. எல்லையை ஒட்டிய மாநிலத்தில் மட்டுமே வாங்கலாம் என்று இன்றும் சிலர் அடித்துச் சொல்வார்கள். அந்தக் கட்டுப்பாடு 1986லேயே நீங்கிவிட்டது.

சலுகைக்கு மூன்று நிபந்தனைகள். விற்பவர் கூட்டாட்சி உரிமம் பெற்ற டீலராக இருக்க வேண்டும். நீங்கள் நேரில் போய் வாங்க வேண்டும். விற்பனை இரண்டு மாநிலச் சட்டங்களுக்கும் பொருந்த வேண்டும்.

பலர் சறுக்குவது மூன்றாவதில். கடை இருக்கும் ஊரின் சட்டம் மட்டும் போதும் என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். ரைஃபிள் வாங்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 18 வயது போதும்; ஆனால் ஃபுளோரிடா 2018லிருந்து 21 கேட்கிறது. ஆகவே 19 வயது ஃபுளோரிடாவாசி ஜார்ஜியாவுக்குப் போனாலும் பலனில்லை. இல்லினாய்ஸ்காரரிடம் அந்த மாநிலத்தின் ஃபாய்ட் அட்டை (துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை) இருக்க வேண்டும். நியூ ஜெர்சிக்காரருக்கும் அவர் மாநிலம் தரும் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை தேவை. கலிஃபோர்னியா இன்னும் கறார்: அங்கே வசிப்பவர் வெளியில் வாங்கும் துப்பாக்கி கலிஃபோர்னியா டீலர் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், 10 நாள் காத்திருப்பும் உண்டு. தவறினால் டீலரின் உரிமத்துக்கே ஆபத்து என்பதால், இப்படிப்பட்ட மாநிலத்தவருக்கு விற்கவே மறுக்கும் கடைகள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. போவதற்கு முன் போன் செய்து, 'என் மாநிலத்தவருக்கு நேரடியாக விற்பீர்களா?' என்று கேட்டுவிடுங்கள்.

எது ரைஃபிள் என்பதிலும் கவனம் வேண்டும். தனியாக விற்கும் ரிசீவர் (துப்பாக்கியின் இயங்கு பாகங்களைத் தாங்கும் உடற்பகுதி) சட்டத்தின் கண்ணில் ரைஃபிள் அல்ல, அதைப் பொருத்தி நீங்கள் ரைஃபிள்தான் செய்யப் போகிறீர்கள் என்றாலும். தோள்கட்டை இல்லாமல் பிஸ்டல் பிடியோடு வரும் ஷாட்கன்னும் ஷாட்கன் அல்ல. இவற்றை வெளி மாநிலத்தவருக்கு நேரடியாகத் தர முடியாது. டீலரிடம் வாங்க 21 வயதும் ஆகியிருக்க வேண்டும். குழல் 16 அங்குலத்துக்குக் குறைவான ரைஃபிளுக்குப் பதிவும் முன் அனுமதியும் வேண்டும். அது வேறு விஷயம்.

கடையில் நிரப்ப வேண்டியது துப்பாக்கி விற்பனைக்கான கூட்டாட்சிப் படிவம் 4473. அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையில் உங்கள் இப்போதைய வீட்டு முகவரி இருக்க வேண்டும். அஞ்சல் பெட்டி எண் செல்லாது. வீடு மாறி, லைசன்ஸில் பழைய முகவரியே இருந்தால், புதிய முகவரி அச்சான இன்னொரு அரசு ஆவணம் கொண்டுபோங்கள். வாகனப் பதிவுச் சான்று சரிப்படும். தனியார் நிறுவனத்தின் போன் பில் சரிப்படாது. ராணுவத்தினருக்கு நிரந்தரப் பணியிடம் உள்ள மாநிலமும் வசிப்பிடமாகும்; அதற்குப் பணியிட ஆணையையும் ராணுவ அட்டையையும் காட்ட வேண்டும். இரண்டு மாநிலங்களில் வீடு வைத்து மாறி மாறிக் குடியிருப்பவர், எப்போது எதில் இருக்கிறாரோ அப்போது அந்த மாநிலவாசி.

படிவத்தில் கஞ்சா பயன்பாடு பற்றிய கேள்வியில் நிதானியுங்கள். மாநிலம் அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் குற்றம். அதைப் படிவமே அச்சிட்டுச் சொல்கிறது. 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?' என்ற கேள்வியும் அப்படியே. உங்கள் பணத்தில் வாங்கிப் பரிசளிக்கலாம். இன்னொருவர் தந்த பணத்தில் அவருக்காக வாங்குவது பினாமி கொள்முதல். அது குற்றம்; அந்த இன்னொருவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தே வாங்கினால், 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை.

எச்1பி, எஃப்1 விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது பொது விதி. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

அடுத்தது நிக்ஸ் எனப்படும் பின்னணிச் சோதனை. பல நேரம் சில நிமிடங்களில் முடியும். 'தாமதம்' என்று பதில் வந்தால்தான் வெளியூர்க்காரருக்குச் சங்கடம். 3 வேலை நாள் கழித்தும் பதில் வராவிட்டால் டீலர் விற்கலாம், ஆனால் விற்றே தீர வேண்டியதில்லை. 21க்குக் குறைவான வயது என்றால் இது 10 வேலை நாள் வரை நீளக்கூடும். எப்படியும் நீங்கள் மறுபடி நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். ஒரு சோதனை 30 நாள்தான் செல்லும்.

கடை தொலைவில் இருந்தால் வேறு வழி நல்லது: உங்கள் ஊர் டீலருக்கு ரைஃபிளை அனுப்பச் சொல்லுங்கள். படிவமும் சோதனையும் அவரிடமே நடக்கும். வெளிச் சரக்கைச் சிலர் ஏற்பதில்லை, கட்டணமும் ஆளுக்கு ஆள் மாறும். பணம் கட்டும் முன்பே அவரிடம் பேசி வையுங்கள்.

தனி நபரிடம் வாங்குவதானால், அவர் வேறு மாநிலத்தவர் என்றால் டீலர் இல்லாமல் முடியாது. ஒஹையோ அப்பா மிச்சிகன் மகனுக்குத் தன் ரைஃபிளைப் பரிசாகத் தந்தாலும் இதே விதி. உயில் வழியாகவோ வாரிசுரிமையாலோ வந்தால் மட்டும் கூட்டாட்சிச் சட்டம் விலக்குத் தருகிறது. 1898இலோ அதற்கு முன்போ தயாரானது அந்தச் சட்டத்தில் பழம்பொருள்; இந்த விதிகள் அதைத் தொடா.

காரில் கொண்டுவரும்போது குண்டு ஏற்றாமல், ரைஃபிளையும் தோட்டாக்களையும் கை எட்டாதபடி டிக்கியில் வையுங்கள். டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி வேண்டும். கிளவ் பாக்ஸும், முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோலும் கணக்கில் வராது. கடந்துபோகும் மாநிலத்தில் இது சட்டப் பாதுகாப்புத் தரும், ஆனால் புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்த ரைஃபிளை வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருந்தால் மட்டுமே. விமானத்தில் என்றால் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுன்டரிலேயே தெரிவித்து, செக்-இன் சாமானாகப் போட வேண்டும்.