பெட்டிக்குள் ஓர் அகழாய்வு: பிள்ளைகளைத் தோண்ட விடும் முன்

மணலுக்குள் நாலு பொருளைப் புதைத்துவிட்டுத் தோண்டச் சொன்னால் அது அகழாய்வு இல்லை, புதையல் வேட்டை. முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் அள்ளிக் குவித்துவிட்டு "அடுத்து என்ன?" என்று நின்றார்கள், எது எங்கே கிடந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தொல்லியலில் பாதி விஷயமே அந்த "எங்கே"தான். அதனால் பெட்டியை நிரப்பும்போதே அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டி மூன்று பேருக்குப் போதும். வெளிப்பக்கம் முழுக்கக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள் (ஏன் என்று கடைசியில்). அடியில் மணல், நடுவில் செம்மண், மேலே கருப்பு மண், ஒவ்வொன்றும் 7 செ.மீ. கனம். மண் காய்ந்திருந்தால் சரிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும், பிடித்தால் உருண்டை நிற்கிற அளவு ஈரம் வேண்டும். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது: 1669இல் டென்மார்க் அறிவியலாளர் நிக்கோலஸ் ஸ்டெனோ பாறை அடுக்குகளைப் பற்றிச் சொன்ன இதே விதிதான் இங்கேயும்.

செம்மண்ணில் ஒரு மண்பானையை உடைத்துப் போடுங்கள். துணியில் சுற்றிப் பெரியவர்கள்தான் உடைக்க வேண்டும், கூரான விளிம்புகளை உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். இரண்டு ஓடுகளை மட்டும் எடுத்து ஒளித்து வையுங்கள், நிஜத்தில் முழுப்பானை கிடைப்பது அபூர்வம். மேல் அடுக்கில் வருடம் பொறித்த ஒரு நாணயம். அதில் 2010 என்று இருந்தால் அந்த அடுக்கு 2010க்கு முன்னால் உருவாகியிருக்க முடியாது, அதை அவர்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

எனக்குப் பிடித்த வேலை அடுத்தது. செம்மண்ணைப் பரப்பி முடித்ததும் ஒரு டம்ளர் அகலத்துக்கு மணல்வரை குழி தோண்டி, அடியில் ஒரு பிளாஸ்டிக் பொத்தானைப் போட்டுக் கருப்பு மண்ணால் மூடுங்கள், அதன்மேல் மேலடுக்கைப் பரப்புங்கள். கவனமாகச் சுரண்டுகிற பிள்ளைக்குச் செம்மண் நடுவே வட்டமாக ஒரு கறுப்புத் திட்டு தெரியும். கவனிக்காத பிள்ளையோ பொத்தானை மணலிலிருந்து எடுத்து "இதுதான் ரொம்பப் பழசு" என்று எழுதிவிடும். அப்போது உடனே திருத்தாதீர்கள், பானைக்கு முன்னாலேயே பிளாஸ்டிக் இருந்ததா என்று மட்டும் கேளுங்கள்.

சரி, தோண்டலாம். பெட்டி விளிம்பில் நூல் கட்டி 20 செ.மீ. கட்டங்களாகப் பிரித்தால் ஆறு வரும், அ1, அ2 என்று பெயர் வையுங்கள். ஆழத்தை மண்ணிலிருந்து அளக்காதீர்கள், மண்மட்டம்தான் இறங்கிக்கொண்டே போகிறதே, நூலிலிருந்து அளக்க வேண்டும். கரண்டியால் குத்தாமல் படுக்கவாட்டில் மெல்லச் சுரண்ட வேண்டும். பிரஷ்ஷைப் பார்த்ததும் எல்லோரும் பாய்வார்கள், ஆனால் ஈரமண்ணில் அது அப்பிவிட்டு அடுக்கின் எல்லையையே மறைத்துவிடும். பொருள் தெரிந்தால் பிடுங்கக் கூடாது: முதலில் படம், அளவு, அப்புறம் கட்டமும் அடுக்கும் எழுதிய பை. சின்னப் பாசிமணிகளையும் புதைத்திருந்தால், எடுத்த மண்ணைச் சல்லடையில் சலிக்கும்போது தவறவிட்டவை கிடைக்கும். வாயில் போடுகிற வயதுப் பிள்ளைகள் இருந்தால் மணிகளே வேண்டாம்.

ஓடுகளைக் கழுவிக் காயவைத்து வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். பசை காய்கிறவரை ஒட்டிய ஓடுகளை ஒரு தட்டு மணலில் செருகி நிறுத்தினால் கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஒளித்து வைத்த அந்த இரண்டு ஓடுகளைக் கேட்டுத் தொல்லை செய்வார்கள், கொடுக்காதீர்கள், "கிடைக்கவில்லை" என்று பதிவில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியில் ஒரு பக்கத்துச் சுவரை ஒட்டிக் கொஞ்சம் மண்ணைத் தோண்டாமல் விட்டுவிட்டு, அந்தப் பக்கத்துக் காகிதத்தை உரியுங்கள். மூன்று அடுக்கும் கோடு போட்டதுபோல் தெரியும். பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தம் அகழாய்வுகளில் குழிகளுக்கு நடுவே சுவர்போல மண்ணை விட்டுவைத்ததும் இதைப் பார்க்கத்தான்.

அப்புறம் அந்தப் பதிவுத் தாள்களை மட்டும், தோண்டாத இன்னொரு குழுவிடம் கொடுத்து, பெட்டியில் எது எங்கே இருந்தது என்று வரையச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் முதல்முறை எழுதியதை வைத்து அந்தக் குழு பானையை மணல் அடுக்கில் வரைந்தது. எழுதியவர்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அடுத்த வாரம் அளவுநாடாவுக்குச் சண்டையே வந்தது.